நாற்காலிச் சூடு

கல்யாணத்துக்கென்று வாங்கிய கம்மலைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை சிரித்துப் பார்த்தாள்.

"யாருக்குடி கல்யாணம்?" என்றாள் அம்மா.

"கல்யாணம் இல்லம்மா. கருமாதி."

அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளின் கல்யாணம் எப்படி நின்றது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

பங்குத் தரகு ஆபீசில் தன்னைவிடச் சின்னவளான அந்தக் குட்டியை வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவள்தான். பக்கத்தில் உட்காரவைத்து, வாங்குவது விற்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பத்திரிகை அடித்த பிறகு, இவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள் அந்தக் குட்டி. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அதுதான்.

அன்றே இவள் மேனேஜரிடம் சொல்லி, வெளிநாட்டு மார்க்கெட்டைப் பார்க்கும் சாயங்கால ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள். உள்ளூர் மார்க்கெட் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது திறக்கும். அவள் போன பிறகு இவள் வரலாம், முகத்தில் முழிக்க வேண்டாம்.

ஆனால் இரண்டு பேருக்கும் நாற்காலி ஒன்றுதான். இவள் வந்து உட்காரும்போதெல்லாம் அது சுடும். வேலை எப்போதோ முடிந்தவள், கடைசி நிமிஷம் வரை வேண்டுமென்றே உட்கார்ந்து சூடேற்றிவிட்டுப் போகிறாள் என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாப்பிள்ளை போதாதென்று நாற்காலியும் வேண்டுமாம் மகாராணிக்கு.

அந்த வெளிநாட்டுக்காரர்கள் கோடை நெருங்கினால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அவர்கள் அங்கே முள்ளைத் திருப்பினால், அவர்களுடைய மார்க்கெட் இங்கே ஒரு மணி நேரம் முன்னாலேயே திறந்துவிடும். குட்டியின் வேலை முடியும் நேரமும் இவள் உட்காரும் நேரமும் ஒன்றாகிவிடும். அந்த நாளுக்காகக் குளிர்காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். நேற்று முள்ளைத் திருப்பிவிட்டார்கள்.

இன்றைக்கு ஆபீசே பார்க்கட்டும் என்று நேராகப் போய் நாற்காலி முன் நின்றாள்.

"எழுந்திருடி. கையப் பிடிச்சு வேலை கத்துக்குடுத்தவகிட்டயே திருடினியே, உடம்பு கூசல?"

போனில் பேசிக்கொண்டிருந்தவர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்துற? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

குட்டி மேஜையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். முழுக்கைச் சட்டை கொஞ்சம் மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து மேலே தெரிந்த மட்டும் கன்றிப்போயிருந்தது. பழைய காயம் ஆறுவதற்குள் அதன்மேலேயே புதிது விழுந்திருந்தது.

குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த வசவில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. இவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

குட்டி இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அக்கா, அவர் வீட்டுலேர்ந்து நைட் வேலைக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு... அதுவரைக்கும் இங்கயே ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுமா?"