முன்னால் போகிற லாரி

நான்கு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வீட்டில் அழுக்குத் துணி ஒன்றும் இல்லை. காலையில் துவைத்துக் காய்ந்த துண்டுகளையே மறுபடி மெஷினில் போட்டு ஓட விட்டேன்.

அது கடகடவென்று சத்தம் போட்டால்தான் எனக்குப் பிழைப்பு.

கூடத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், இப்போது தினமும் நான்கிலிருந்து ஐந்து வரை செல்போனில் லாரி ஓட்டுகிறார். விளையாட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். வளைவு வந்தால் ஹாரன் அடிப்பார்.

இந்த வயதில் இதென்ன கூத்து என்று நாத்தனார் போனில் கேட்பாள். வீணாய்ப்போன வேலை, சொன்னால் கேட்டால்தானே என்று நானும் ஒத்து ஊதுவேன்.

ஊதிவிட்டு, துணி துவைக்கும் இந்தச் சின்ன அறைக்கு வந்து கதவைச் சாத்துவேன். மகன் விட்டுப்போன பழைய போனை எடுத்து, அவன் பெயரில் அதே விளையாட்டுக்குள் நுழைவேன்.

ஐந்து வருடத்துக்கு முன் வீட்டை இரண்டாக்கியதும் இதே லாரிதான். பரீட்சை நேரத்தில் பையன் சாப்பாடு தண்ணி இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். நேரத்தை இப்படிப் பாழாக்கினால் உருப்படவே மாட்டாய் என்று இவர் கத்தினார். கத்தியதோடு விட்டிருக்கலாம். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் போட்டு உடைத்தார்.

வேலை கிடைத்ததும் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசுவான். அப்பா என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவான்.

பதினோரு மாதத்துக்கு முன் இவராகவே விளையாட்டை இறக்கி, மகன் பெயரைத் தேடிப் பிடித்து, சேர்ந்து ஓட்டலாமா என்று கேட்டு அனுப்பினார். எட்டு நாள் பதில் இல்லை. எட்டு நாளும் மனிதர் தட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். நான் மகனிடம் கெஞ்சினேன். அதையெல்லாம் எப்பவோ விட்டாச்சு, வேணும்னா நீயே ஆடிக்கோம்மா என்று பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டான்.

அவன் கேலிக்குத்தான் சொன்னான்.

உன் பையன் சரின்னுட்டான், பாரு என்று அன்று போனைக் கொண்டுவந்து காட்டினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு உண்மை வாயில் வரவில்லை.

எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. முதல் வாரம் மூன்று தடவை லாரியை ஆற்றுக்குள் விட்டேன். அவனா இப்படி ஓட்டுவான் என்று சந்தேகம் வந்துவிடுமே என்று, இவர் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் தனியாக ஓட்டிப் பழகினேன். மைக்கில் பேசுடா என்பார். மைக் கெட்டுப்போச்சுப்பா என்று அடிப்பேன். பதினோரு மாதமாக அது கெட்டே கிடக்கிறது.

ஆனால் இரண்டு மாதமாக இவர் போக்கு சரியில்லை. முன்பெல்லாம் அவர்தான் முன்னால் போவார். இப்போது, நீ முன்னால போ என்று எழுதிவிட்டு என் லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார். நான் திரும்பினால் திரும்புகிறார். நின்றால் வந்து முட்டுகிறார். முப்பத்திரண்டு வருடம் ஓட்டியவர் முட்டுவாரா? என் ஓட்டத்தை உற்றுக் கவனிக்கிறார், கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

நேற்று முடிக்கும்போது, "நாளைக்கு உங்கிட்ட ஒண்ணு பேசணும். கண்டிப்பா வா" என்று எழுதினார்.

அதிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பதினோரு மாதமாக இவர் மகனிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரை உடைத்ததற்கு எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதெல்லாம் என்னிடம் கேட்டது என்று தெரிந்தால் மனிதர் கூனிக்குறுகிப் போய்விடுவார்.

மணி நான்கு.

"வந்துட்டேன்ப்பா" என்று அடித்தேன்.

"நீ முன்னால போ."

மலைப்பாதையில் ஏறினோம். பாலத்தில் ஒரு தடவை முட்டினார். அதைத் தாண்டியதும், "ஓரமா நிறுத்து" என்றார். நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து மெஷினும் நின்றது. வீடு முழுக்கச் சத்தமே இல்லை.

"ஏம்மா, உள்ள என்ன பண்றே?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"துணி மடிக்கிறேங்க," என்றேன்.

நாற்காலி நகரவில்லை. காலடிச் சத்தமும் வரவில்லை. அவர் எழுதத் தொடங்கியிருந்தார். எழுத்துகள் தப்பும் தவறுமாக, நிறுத்தி நிறுத்தி வந்தன.

"வலது கண்ணு போயிடுச்சுடா. இடதும் மங்கிட்டு வருது. எழுத்தைப் பெருசாக்கி வச்சுத்தான் படிக்கிறேன். ரெண்டு மாசமா ரோடு தெரியல. உன் லாரி சிவப்பு லைட்டைப் பாத்துட்டுத்தான் பின்னாலயே வரேன்."

படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது.

"திங்கக்கிழமை இடது கண்ணுல ஆபரேஷன். பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் சொல்றாரு. தனியா போகப் பயமா இருக்கு. கூட வர்றியா?"

அப்புறம் ஒன்று.

"அம்மாகிட்ட சொல்லிடாதே. தாங்க மாட்டா."

திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அதற்குள் மகனிடம் என்ன சொல்வேன், சொன்னாலும் அவன் வருவானா, எதுவும் தெரியவில்லை.

"வரேன்ப்பா. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்று அடித்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எழுந்து கதவருகே போனேன். போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்றால், எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.