பின்சக்கரத்து நட்

ஆக்டிவா, ஆக்டிவா, டியோ, யூனிகார்ன், மறுபடி ஆக்டிவா.

தைப்பூசக் கூட்டத்தில் வடலூரே திணறிக்கொண்டிருந்தது. சபைக்கு எதிரே வரிசை வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே மணிவண்ணன் ஓடிக்கொண்டிருந்தான். கையில் ஸ்பேனர்.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வண்டி. சாம்பல் நிற ஷைன். சிதம்பரம் பூவராகனுடையது.

காலையில்தான் அதன் பின்சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூ மாற்றிக் கொடுத்திருந்தான். சக்கரத்தை மாட்டியது நினைவிருக்கிறது. நட்டைக் கையால் திருகியது நினைவிருக்கிறது. அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது.

அப்புறம் ஸ்பேனர் போட்டு முடுக்கினேனா?

அதுதான் நினைவில்லை.

பூவராகன், பின்னால் மனைவி வெண்மதி, இருவருக்கும் நடுவே மூன்று வயதுப் பெண் குழந்தை. ஜோதி தரிசனத்துக்கு என்று சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. போன் செய்தான். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஷெட்டைப் பூட்டினான். தன் பழைய ஆக்டிவாவை விரட்டினான்.

புவனகிரி தாண்டி ஓரிடத்தில் சாலையோரம் பத்துப் பேர் கூடி நின்றார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினான். நெருங்கிப் பார்த்தால், அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது, யாரோ குறுக்கே நிறுத்திவிட்டுப் போன ஒரு ஹோண்டா சிட்டி காரைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குள் நுழைந்தான்.

ஷைன். சாம்பல் நிறம். அதே நம்பர்.

வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனால் திரும்பிப் போக வேண்டுமே.

மண்ணில் மண்டியிட்டான். பின்சக்கரத்து நட்டில் ஸ்பேனரை மாட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். இன்னொரு தரம் இழுத்தான்.

அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

பின்கழுத்தில் யாரோ ஒருவனின் கை விழுந்ததும் அப்போதுதான்.

"மாமா, ஓடியாங்க! பூசத்துக்கு வந்தவன் வண்டியிலயே கைய வைக்கிறான் பாருங்க!"

கன்னத்தில் ஒன்று விழுந்தது. முதுகில் இரண்டு. யார் அடித்தது என்று பார்ப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. தரிசனம் முடித்து, திருநீற்று நெற்றியோடு வந்த பூவராகன் கூட்டத்தை விலக்கினான்.

"யோவ், விடுங்கய்யா. இது நம்ம ஹோண்டா மணி!"

கைகள் விலகின. பூவராகனின் பார்வை ஸ்பேனரில் விழுந்தது. அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போனது. மெல்ல அவன் முகம் மாறியது.

"என்னா மணி இது? ஒரிஜினல கழட்டிட்டு டூப்ளிகேட்டு மாட்டணும்னா உன் ஷெட்டுலயே மாட்டியிருக்கலாமே. அதுக்கு வடலூரு வரைக்குமா வந்த?"

யாரோ சிரித்தார்கள்.

"நான் அப்பவே சொல்லல?" என்றாள் வெண்மதி. "மைலேஜு கொறையுது கொறையுதுன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன். நீங்கதான், மணி தங்கமான ஆளுன்னீங்க!"

ஒன்பது வருடம் சம்பாதித்த பெயர். ஹோண்டா என்றால் மணி, மணி என்றால் ஹோண்டா என்று ஊரே சொல்லும். நாளைக் காலைக்குள் அத்தனையும் போய்விடும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நட்டை முடுக்கினேனா என்று சந்தேகமாக இருந்தது, அதான் ஓடிவந்தேன்.' அவ்வளவுதான். அடித்தவனே டீ வாங்கிக் கொடுப்பான்.

மணிவண்ணன் வாயைத் திறக்கவில்லை.

பூவராகன் காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்தான். நடுவே உட்கார்ந்திருந்த குழந்தை மட்டும் வழக்கம்போல் அவனுக்கு டாட்டா காட்டியது.

சக்கரம் ஆடுகிறதா என்று வண்டி கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். ஆடவில்லை.

ஆடாது. நட் இறுக்கமாகத்தான் இருந்தது. காலையிலேயே முடுக்கியிருக்கிறான்.

போன மாதம் கடலூர் வரைக்கும் ஒரு டியோவைத் துரத்திக்கொண்டு போனானே, அதுவும் இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் சேத்தியாத்தோப்பில் மடக்கிப் பார்த்த ஆக்டிவாவும்.

'ஏன் அப்படிச் சந்தேகப்படுற?' என்று யாராவது கேட்டுவிட்டால்? அதற்குத் திருட்டுப் பட்டமே மேல்.

இறுக்கமில்லாமல் போனது ஒரே ஒரு வண்டி. போன ஆடி மாதம். பக்கத்துத் தெரு லூர்துசாமியின் மகன் பிரிட்டோவின் யூனிகார்ன். ஷெட்டிலிருந்து எடுத்துப் போன இரண்டாவது மணி நேரத்தில், கொள்ளிடம் பாலத்துக்குப் பக்கத்தில்.

நொறுங்கிக் கிடந்த வண்டியைப் பார்த்துச் சொல்ல போலீஸ்காரர்கள் மணிவண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். கழன்று கிடந்த நட்டை அவன்தான் முதலில் பார்த்தான். காலால் மண்ணுக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தான்.

"வண்டியில ஒண்ணும் கோளாறில்ல சார். பையன் ஸ்பீடு ஜாஸ்தி."

போன கல்லறைத் திருநாளன்று மகனின் கல்லறையில் லூர்துசாமி மெழுகுவத்தி ஏற்றினார். "ஏண்டா அவ்ளோ வேகமா போன, பாவி?" என்று கல்லைத் தட்டித் தட்டி அழுதார்.

மெழுகுவத்தி காற்றில் அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், மணிவண்ணன்.