தராசு தூக்கிய ராவுத்தர்

"இன்னொரு தடவ அந்தக் கதையச் சொன்னீன்னா, அம்மிணி, நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

தோணிக்கடவு உப்புக் கிடங்கின் வாசலை மறித்து நின்றார் பாவா ராவுத்தர். எண்பதை நெருங்கியும் முதுகு வளையாத மனிதர்.

எதிரே நிமி. ஞாயிறுதோறும் கோயமுத்தூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, பழைய ஆற்றுச் சந்தையைச் சுற்றிக்காட்டிக் கதை சொல்கிற பெண். அவளுக்குப் பின்னால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம்.

"எந்தக் கதைங்க ஐயா?"

"நூறு வருசத்துக்கு முந்தி, மலையாளக் கணக்குல தொண்ணூத்தொம்பதாம் வருச வெள்ளத்துல, எங்க அத்தாவோட அத்தா கட்டுன பீவிய மச்சுல விட்டுட்டுத் தராசத் தூக்கிட்டு ஓடுனாருன்னு சொல்றியாமே? பள்ளிவாசலுக்குப் போனா அங்கயும் சிரிக்கறாங்க. யாரு சொன்னது உனக்கு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் ஐயா."

"அப்ப நெசத்த நான் சொல்றேன். எல்லாரும் கேளுங்க!"

பாவா தொண்டையைச் செருமினார். பொன்னானி உப்பை ஏற்றி வந்த தோணிகள் அவர் கண்ணுக்குள் வரிசையாகக் கரை தட்டின. ஈரச் சாக்கின் வாசம் மூக்கில் ஏறியது.

"இந்தக் கிடங்குல உப்பு அளக்கறப்ப 'ஒண்ணு'ன்னு ஆரம்பிக்க மாட்டாங்க. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணுவாங்க. எங்க பெரியவரு குரல் அக்கரைக்குக் கேக்கும். வெள்ளம் வந்தப்ப அவரு பீவியத் தோள்ல தூக்கிட்டுக் கரையேறுனாரு. தராசு ஆத்தோட போச்சு. அந்தா, அது தொங்குன கொக்கி இன்னும் வெறுமனே கிடக்குது பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். "அடுத்து எங்கம்மா போறோம்?" என்றாள் ஒரு அம்மாள்.

"சரிங்க ஐயா. இனிமே அந்தக் கதையச் சொல்லல" என்று நிமி கூட்டத்தை நகர்த்தினாள்.

பாவா ஜெயித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றார். நிமி சொன்ன சொல் தவறவில்லை. "இது ஒரு பழைய உப்புக் கிடங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். ஒருவரும் நிற்கவில்லை. ஒரு செல்போன்கூட உயரவில்லை.

எல்லாரும் அடுத்த கட்டடத்தில் போய் மொய்த்தார்கள். அது பாவாவோடு ஒரே பெஞ்சில் படித்த சுந்தரராமனின் குடும்பத்து நெல் கிடங்கு.

"இந்தக் கிடங்கு ஐயர், வெள்ளம் இடுப்புக்கு ஏறியும் பந்திய விட்டு எந்திரிக்கலையாம். பாயசம் வரட்டும்னு இலையக் கையில பிடிச்சிட்டே மிதந்தாராம்!" என்றாள் நிமி.

சிரிப்பு ஆற்றைத் தாண்டிப் போய்த் திரும்பியது. வாசல்படியில் செதுக்கியிருந்த ஐயரின் பெயரை ஒரு குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்தது. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். சுந்தரராமன் தூணில் சாய்ந்துகொண்டு புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவாவுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு ரோசமே இல்லையா சுந்தரா? உங்க தாத்தாவ இப்பிடிக் கேவலப்படுத்தறா!"

"கத்தாதேடா. அந்தக் கதையைச் சொல்லிக் குடுத்ததே நானாக்கும்."

"நீயா? அவருக்குச் சக்கரை வியாதியாச்சேடா! பாயசத்தக் கண்ணாலகூடப் பாக்க மாட்டாரே!"

"அதைச் சொன்னா எவன் நிப்பான்? இப்போ பாரு, பொடிக் குழந்தைகூட அவர் பேரைச் சொல்றது." சுந்தரராமன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்காத்து வாசல்ல மட்டும் கூட்டம் நின்னாப் போறுமா? பக்கத்துலயே உன் கிடங்கு அநாதையாக் கெடக்கறதைப் பாத்துண்டு எனக்கு இருக்க முடியலை. அதான் தராசுக் கதையையும் நானே கட்டிவிட்டேன்."

பாவா திரும்பித் தன் கிடங்கைப் பார்த்தார். காற்றில் கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டம் படித்துறைப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

"அம்மிணி, நில்லு! எல்லாரும் இங்க வாங்க!" அவர் குரல் அக்கரைக்குக் கேட்டது. முதுகு வளையாமல் கொக்கிக்கு அடியில் போய் நின்றார்.

"வெள்ளத்துல எங்க பெரியவரு தூக்குனது தராச மட்டுமில்லீங்க. படிக்கல்லு அத்தனையும் லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணிச் சாக்குல கட்டுனதுக்கு அப்புறந்தான் அவருக்குப் பீவி ஞாபகமே வந்துச்சு!"