வேட்டைக்கு ஒரு வண்டி

"வேட்டைக்குப் போறதுக்கு இதைவிட உயரமான வண்டி இந்த இன்சீன் வட்டாரத்துலயே கிடையாது, கோ ஸ்டீவன். பின்னாடி பாருங்க, ரெண்டு மானைப் போடலாம்."

பர்மிய வழக்கப்படி ஆண்களை 'கோ' என்று மரியாதையாகக் கூப்பிடும் பழைய கார் வியாபாரி சாதிக் பாட்சா, அந்தக் கறுப்புப் பிக்கப்பின் பின்கதவைத் தட்டிக் காட்டினார். ஸ்டீவன் மனைவியைப் பார்த்தான்.

"திறந்த வண்டி வேணாம் பாய்," என்றாள் லதா. "வெயில் படக்கூடாது."

"உங்களுக்கென்ன தங்கச்சி, நீங்க முன்னாடி ஏசியில உட்காரப் போறீங்க."

"எனக்குப் பின்னாடிதான் ஏசி வேணும்."

சாதிக் பாட்சா தலையைச் சொறிந்தார்.

ஸ்டீவனுக்கு வாய் துறுதுறுத்தது. எதற்கு வண்டி என்று கேட்டால் வேட்டைக்கு என்று மட்டும்தான் சொல்ல வேண்டும், அதற்குமேல் ஒரு வார்த்தை கூடாது என்று வரும்போது ரயிலிலேயே லதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். போன வாரம் ஷ்வேப்யிதாவில் இன்னொரு வியாபாரியிடம் அவன் பெருமை தாங்காமல் முழுக் கதையையும் சொல்லப்போக, அந்த ஆள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சரி, தினமும் ஓட்டப்போறது நீங்கதானே?" என்று ஸ்டீவனிடம் கேட்டார் சாதிக் பாட்சா.

"நான் பக்கத்துல உட்காருவேன். ஓட்டுறது லதா. வேட்டைக்குப் போறதும் லதாதான்." அதைச் சொல்லும்போது ஸ்டீவனின் தோள்கள் தாமாக நிமிர்ந்தன. "பியாப்போன் பக்கம் போவா, பெகு பக்கம் போவா. இதுவரைக்கும் ஒரு தடவைகூட வெறுங்கையோட திரும்பினதில்லை."

"ஏங்க," என்றாள் லதா.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

அடுத்து ஒரு ஜீப். லதா அதன் அகலத்தைப் பார்த்ததுமே வேண்டாம் என்று தலையாட்டினாள். "மிங்கலா தாங்ஞுன்ட்ல எங்க தெருவுக்குள்ள இது நுழைஞ்சா எதிர்ல சைக்கிள்கூட வரமுடியாது. காலையில பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு இவரை ஆபீஸ்ல இறக்கணும். இது குடிக்கிற குடிக்கு நான் தினம் பெட்ரோல் வரிசையிலதான் நிக்கணும்."

மூன்றாவதாக, ஓரத்தில் தூசி படிந்து நின்ற வெள்ளை புரோபாக்ஸ் கார். சின்ன வண்டிதான், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். லதா பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, எல்லாக் கதவையும் சாத்தச் சொன்னாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், தரை விரிப்பைத் தூக்கிவிட்டு மூலை மூலையாக விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அடியில ஓட்டை கிடையாது தங்கச்சி. எவ்வளவு மோசமான ரோட்ல போனாலும் உள்ள தூசி வராது," என்றார் சாதிக் பாட்சா, அவள் இறங்கியதும்.

"தூசி வந்தா வரட்டும் பாய். உள்ள இருக்கிறது வெளிய போகக்கூடாது."

சாதிக் பாட்சாவின் கண்கள் சுருங்கின. "உயிரோடவா பிடிக்கிறீங்க?"

"உயிரோடதான். செத்துப்போனா யாருக்கும் உபயோகமில்லை." லதாவின் குரல் இறங்கியது. "போன தடவை வாடகை வண்டி நடுவழியில நின்னுபோச்சு. நிழல் இல்லாத இடம். அத்தனையும் வெந்து செத்துப்போச்சு. அறுவடை ஆரம்பிக்கிறதுக்குள்ள எனக்குச் சொந்த வண்டி வேணும். இதை எடுத்துக்கிறேன்."

சாதிக் பாட்சா வண்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்கிட்ட வண்டி வாங்கின ஒருத்தன், அதுல எறும்புத்தின்னியைக் கடத்தி எல்லையில வித்துட்டிருந்தான். என்னையும் கூப்பிட்டு ஸ்டேஷன்ல உட்கார வெச்சாங்க. வாயில்லா ஜீவனை உயிரோட பிடிச்சு விக்கிற யாவாரத்துக்கு என் வண்டி கிடையாது. கோவிச்சுக்காதீங்க, கிளம்புங்க."

லதா கைத்தூசியைத் தட்டிவிட்டு, "வாங்க போகலாம்," என்றாள்.

ஸ்டீவன் நகரவில்லை. இந்தத் தடவை அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"வண்டி குடுக்கலைன்னா பரவாயில்லை பாய். ஆனா இவளைக் கடத்தல்காரின்னு நினைச்சுட்டு நீங்க உள்ள போகக்கூடாது."

அவன் குனிந்து லுங்கியை முழங்கால்வரை உயர்த்தினான். கெண்டைக்காலில் ஒரு கைப்பிடிச் சதை கரைந்து, கறுத்துக் குழிந்திருந்தது.

"கண்ணாடி விரியன். சித்தப்பா வயல்ல நெல் அறுக்கிறப்ப கடிச்சது. இவ வேட்டையாடுறது இந்தப் பாம்பைத்தான். உயிரோட பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தா, அதோட விஷத்தை எடுத்துப் பாம்புக்கடிக்கு மருந்து செய்றாங்க. சொன்னா யாரும் வண்டி தர மாட்டாங்கன்னுதான் மறைச்சோம்."

சாதிக் பாட்சா தன்னை அறியாமல் ஓர் அடி பின்னால் போனார். லதாவின் கைகளைப் பார்த்தார். மெல்லிய, வளையல் போடாத கைகள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.

"குழந்தை குட்டி இருக்கிற மனுஷன், இந்த வேலைக்கு வீட்டம்மாவை எப்படி அனுப்புறீங்க? கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?"

"பாய்," என்று ஸ்டீவன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு சிரித்தான். "எனக்கு ஊசி போட்டு எழுப்பின நர்ஸ்கிட்ட, இந்த மருந்துக்குப் பாம்பு பிடிச்சுக் குடுக்கிறது யாருன்னு கேட்டேன், அவங்க சொன்ன பேரை வெச்சு ஊரெல்லாம் தேடி அலைஞ்சு, பின்னாடியே சுத்தித்தான் இவளைக் கட்டிக்கிட்டேன்."