வாசகர் மூன்று எழுதிக்கொண்டிருக்கிறார்

எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்யலாம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மண்ணரை பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் நாகஜோதியின் போன் சாய்ந்து நிற்கிறது. கல்லூரி எழுத்து வகுப்புக்காக அவள் இணையத்தில் போட்ட கட்டுரைக்கு, பெயர் காட்டாத ஒரு சக மாணவர், வெறும் 'வாசகர் மூன்று', கருத்து எழுதிக்கொண்டிருக்கிறார். திரையில் மூன்று புள்ளிகள் துடிக்கின்றன. அதற்காக நாற்பது தையல் மெஷின்களும் மூச்சடக்குகின்றன. டியூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசிகூட இறங்காமல் நிற்கிறது. "ஏங் கண்ணு, போனையே பாத்துட்டிருந்தா பனியன்ல ஓட்டை தெரியுமா?" என்கிறாள் பக்கத்து மேசை ராமாயி. "இருங்கக்கா, வந்துருச்சுங்க." வந்தே விடுகிறது: 'மூணாவது வரியில பிசிர் நீட்டிட்டு இருக்குங்க. வெட்டிராதீங்க, அழகா இருக்கு.' பிசிராம்! வெட்டாமல் விட்ட நூல்நுனிக்குச் செக்கிங்காரர்கள் சொல்லும் சொல். அப்படியானால் எழுதியவனும் எங்கோ ஒரு செக்கிங் மேசையில் நிற்கிறவன்தான். நாகஜோதி, துணியில் குறை காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைத் திரையில் அந்த வரியின் மேல் ஒட்டிவிட்டு, குனிந்திருக்கும் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள்.

அந்தக் கம்பெனியில் எல்லோருடைய போனையும், நாகஜோதியின் போனையும் சேர்த்துத்தான், காலையிலேயே வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.