உள்ளே விடக்கூடாதவை

கேளிக்கைப் பூங்காவுக்கு வருபவர்களை வாசலில் சோதித்து அனுப்புவது பொன்னுரங்கத்தின் வேலை. ஒரு வெள்ளைச் சட்டைக்காரரின் இடுப்பருகே மெட்டல் டிடெக்டர் கத்தியது. தொட்டுப் பார்த்தான். சட்டைக்குள் துப்பாக்கி.

"இதோட உள்ள போக முடியாதுங்க சார். பூராவும் சின்னப் புள்ளைங்க."

"லைசென்ஸ் இருக்குப்பா."

"இருக்கட்டுங்க. இங்க அனுமதி இல்லீங்க."

அவர் கோபப்படவில்லை. போனில் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார். மேனேஜர் ஓடிவந்தார்.

"மொதலாளிக்கு வேண்டியவரு. வழிய விடுய்யா."

பொன்னுரங்கம் விலகினான். அவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டபடி பிள்ளைகளின் கூட்டத்தில் கலந்துபோனார். அதற்கு அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அடுத்து, கைக்குழந்தையோடு நின்ற பெண் தானாகவே பையைத் திறந்து காட்டினாள். துண்டுக்கு அடியில் ஒரு தூக்குச்சட்டி.

"தயிர்சோறுங்கண்ணா. பாப்பாவுக்கு மட்டுந்தான்."

வெளிச் சாப்பாட்டுக்கும் அங்கே அனுமதியில்லை. மேனேஜர் இன்னும் நகரவில்லை. பொன்னுரங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டியை வாங்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தான். குழந்தை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சட்டியயாவது குடுங்கண்ணா" என்றாள் அந்தப் பெண்.