திருப்பிச் சொல்லு

"துணி சிக்கிச்சுன்னா என்ன செய்யணும்? திருப்பிச் சொல்லு!"

காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் ஆலை அது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, சூப்பர்வைசர் அதட்டியது ஐம்பது வயது மனிதரை.

"மெஷினை நிறுத்தணும்... ஸ்விட்சைப் பூட்டணும்... சாவியை... சாவியை..."

"சாவியை?"

"பாக்கெட்ல போட்டுக்கணும். அப்புறம்தான் கையை விடணும்."

"இன்னொரு தடவை!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓரமாக நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆய்வாளருக்கு ரத்தம் கொதித்தது.

வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களை வேலையிடங்கள் எப்படி நடத்துகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவளும் அப்படி வந்தவள்தான். வந்த புதிதில் ஒரு கடை முதலாளி அவளைத் திரும்பத் திரும்பப் பேசவைத்து, உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தது இன்னும் ஆறவில்லை. சூடு கண்ட பூனை அல்லவா!

மூன்று நாள் கவனித்தாள். உள்ளூர்க்காரர்களிடம் சூப்பர்வைசர் ஒரு தடவை சொல்வதோடு சரி. வந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பள்ளிக்கூடம்.

சாப்பாட்டு இடைவேளையில் அந்த மனிதரைப் பிடித்தாள். இருவருக்கும் தாய்மொழி ஒன்று.

"அண்ணே, ஊர்ல என்ன வேலை பார்த்தீங்க?"

"கணக்கு வாத்தியார்மா. இருபத்தஞ்சு வருஷம் பசங்களை ஒப்பிக்கச் சொன்னவன், இப்ப நான் ஒப்பிக்கிறேன்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அவமானமா இருக்கா?"

"இருக்கும்மா. எம் பொண்ணு வயசுப் பசங்க சிரிக்கிறாங்களே."

படிவத்தில் 'அவமானம்' என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவள் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், அஞ்சு நிமிஷம் பேசலாமா? நான் ஏன் அவங்களை மட்டும்..."

"இது தொழிலாளர்கள் பேசறதைக் கேக்குற ஆய்வு சார். உங்க தரப்பை நிர்வாகம் சொல்லிக்கும்."

மறுநாளும் வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். படிவத்தில் அவருக்கென்று கட்டமே இல்லை. அவள்தான் என்ன செய்வாள், பாவம்! அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அறிக்கை போனது. நிர்வாகம் அதைவிட வேகம். சூப்பர்வைசரைக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். காலை ஒப்பித்தல் நின்றது. அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

ஆறு மாதம் கழித்து, முன்னேற்றத்தை அளக்கப் போனாள். அதட்டல் இல்லை, சிரிப்பு இல்லை. புது சூப்பர்வைசர் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார். அவளுக்கு மனசு நிறைந்துபோனது. வாத்தியாரைத்தான் காணோம்.

"ஒரு சின்ன விபத்து. மூணு வாரமா லீவு" என்றார் மேனேஜர்.

முகவரி வாங்கிக்கொண்டு ஓடினாள். வாத்தியார் இடது கையால் கதவைத் திறந்தார். வலது கையில் பெரிய கட்டு. அதற்குள் சில விரல்கள் இல்லை என்பது கட்டின் வடிவத்திலேயே தெரிந்தது.

"வாம்மா தங்கச்சி, உக்காரு. விரிப்பு இஸ்திரி உருளையில சிக்கிச்சு. கையை விட்டு இழுத்தேன்..."

"ஐயோ அண்ணே, மெஷினைப் பூட்டலையா?"

"பழைய மெஷினா இருந்தா தூக்கத்துலகூடப் பூட்டிருப்பேன். இது புதுசும்மா. பூட்டுற முறையே வேற."

"அதை யாரும் சொல்லித் தரலையா? அந்தப் புது ஆள் என்னதான் பண்ணினார்?" குரலில் சூடு ஏறியது. கை தானாகப் பையில் இருந்த படிவத்தைத் தேடியது.

"அவரைக் குத்தம் சொல்லாதேம்மா, தங்கமான மனுஷன். எல்லாம் விளக்கமாச் சொன்னார். கடைசில 'புரிஞ்சுதா சார்?'னு எவ்வளவு மரியாதையாக் கேட்டார் தெரியுமா! அவர் பாஷையில எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. ஆனா நாப்பது பேர் முன்னாடி 'புரியலை'ன்னு எப்படிம்மா சொல்றது? தலையை ஆட்டிட்டேன்."